குட்டியைக் கடைசியில் பாருங்கள்: நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாய் வேண்டும் என்று முடிவான வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு குட்டியின் படம் அனுப்புவார்கள். "சும்மா பாத்துட்டு வரலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிளம்பும். திரும்பி வரும்போது பிள்ளையின் மடியில் குட்டி இருக்கும். யார் சோறு வைப்பது, ஊருக்குப் போனால் எங்கே விடுவது, ஹவுஸ் ஓனர் என்ன சொல்வார் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். கையில் எடுத்த குட்டியை வேண்டாம் என்று திருப்பித் தர யாருக்கும் மனசு வராது. விற்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். வீடு, காசு, இனம், வாங்கும் இடம் எல்லாம் முடிவான பிறகுதான் குட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு நகரங்களில், அதிலும் அடுக்குமாடியிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நாயைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பூனைக்கும் மற்றவற்றுக்கும் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு.

1. முதலில் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள்

நாய் பத்து முதல் பதினான்கு ஆண்டு வரை வாழும். ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்காக வாங்கினால், அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் நாய் வீட்டில்தான் இருக்கும். "நான் பாத்துக்கறேன்ப்பா, ப்ராமிஸ்" என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. அந்த வயதுக்கு அது உண்மை. ஆனால் அரையாண்டுத் தேர்வு வந்ததும் வேலை அம்மாவின் தலையில் விழும். ஆகவே அம்மா சரி என்று சொல்லாத வீட்டுக்கு நாய் வேண்டாம். வீட்டில் வேலை யாருக்குக் கூடுமோ, அவருடைய சம்மதம்தான் சம்மதம்.

ஒரு தாளில் நாளின் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயரைப் போடுங்கள். காலை ஏழு மணிக்குள் ஒரு நடை, மாலை வெயில் தணிந்து ஒரு நடை, இரண்டு வேளைச் சாப்பாடு, கழிவை எடுப்பது, உண்ணி பார்ப்பது. "எல்லாரும் சேர்ந்து" என்று எழுதாதீர்கள். எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலையை எந்த வீட்டிலும் யாரும் செய்ததில்லை.

பிறகு ஊர்ப்பயணம். பொங்கல், மே மாத விடுமுறை, சொந்தக்காரர் கல்யாணம், திடீர்ச் சாவு. உங்கள் வீட்டில் இவற்றுக்கெல்லாம் எல்லாரும் சேர்ந்து கிளம்புகிறீர்களா? அப்படியானால் நாயை விட ஓர் ஆளோ, காசு கட்டி விடும் இடமோ இப்போதே தெரிந்திருக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் அந்த இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், தடுப்பூசிப் புத்தகம் இல்லாமல் நல்ல இடங்களில் சேர்க்கவும் மாட்டார்கள். ரயிலில் கூட்டிப்போக நினைத்தால், முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. இரண்டுக்கும் பார்சல் அலுவலகத்தில் முன்பதிவு தேவை. ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ மடியில் வைத்துக் கொண்டு போக முடியாது.

வாடகை வீடா? ஓனரிடம் வாயால் கேட்டது போதாது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அடுக்குமாடியில் சொந்த வீடு என்றால் நிலைமை வேறு: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பத்து வருடம் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வாழ முடியாது என்பதையும் யோசியுங்கள். எதிர் வீட்டில் நாய்க்குப் பயப்படும் பாட்டி இருந்தால், நாய் வரும் முன்னாலேயே ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

2. காசுக் கணக்கு

குட்டியின் விலைதான் மொத்தச் செலவிலேயே சின்னது. சென்னையில் நடுத்தர அளவு நாய்க்குச் சாப்பாடு, தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 3,000 முதல் 5,000 ரூபாய் வரை ஒதுக்கச் சொல்வேன். பெரிய இனங்களுக்கு இது தாராளமாக இரட்டிப்பாகும். இதற்கு வெளியே, தொடாத பணமாக ஒரு தொகை தனியே இருக்க வேண்டும். பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்து நாலைந்து நாள் டிரிப் ஏற்றினாலோ, உண்ணிக் காய்ச்சலில் ரத்த அளவு குறைந்தாலோ தனியார் மருத்துவமனைச் செலவு குட்டியின் விலையைத் தாண்டிப் போய்விடும்.

கையில் அவ்வளவு இல்லையென்றால் நாய் வளர்க்கத் தகுதியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். ஆனால் அங்கே அனுபவமுள்ள கைகள் உண்டு. விலங்குவழி நோய்களுக்கான உலக நாளான ஜூலை 6, உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28 ஆகியவற்றை ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசி இலவச முகாம்களும் பல ஊர்களில் நடக்கும்.

3. எந்த நாய்?

முதலில் கேட்க வேண்டியது, இந்த நாய் எந்த வேலைக்காகவும் எந்த வெயிலுக்காகவும் உருவானது என்பது. சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுக்க வளர்க்கப்பட்டது. இரண்டு அடுக்கு ரோமம். அதைத் திருச்சி வெயிலில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏசி போடுவேன் என்பவர், கரண்ட் போகும் மே மாத மதியத்தையும் அது வெளியே ஓடவே முடியாத மாதங்களையும் கணக்கில் எடுப்பதில்லை. பக், ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களுக்குச் சிக்கல் ரோமத்தில் இல்லை, மூச்சில். நாய் தன் உடல் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்தே தணிக்கிறது. மூக்கும் தொண்டையும் குறுகிய நாய்க்கு அந்த வழி பாதி அடைபட்டிருக்கிறது. செல்போன் விளம்பரத்தில் வந்து "ஹட்ச் நாய்" என்று பெயர் வாங்கிய பக், நம்மூர் வெயிலில் குறட்டை விட்டுக்கொண்டே திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகில்லை, மூச்சுத் திணறல். தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கியும் பக்கும் உள்ளிட்ட சில இனங்கள் இந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாது என்று சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை என்று திரும்பப் பெறப்பட்டது. கொள்கை போனாலும் வெயில் போகவில்லை.

அப்படியானால் நாட்டு இனமா? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டோடு நாட்டு நாய்க்கும் மவுசு கூடியது. ராஜபாளையத்துக்கு 2005-இலேயே இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டிருக்கிறது. பெருமைதான். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றும் வேட்டை நாய்கள். திறந்த கரிசல் காட்டில் இரையை விரட்டிப் பிடிக்கப் பிறந்த உடம்பு அவற்றுக்கு. கோம்பை தேனிப் பக்கத்துக் காவல் நாய். தன் ஆள், அயல் ஆள் என்ற கணக்கில் மிகக் கறார். இரண்டு படுக்கையறை வீட்டில், ஒரு நாளைக்கு இருபது நிமிட நடையோடு சிப்பிப்பாறையை வைத்திருப்பது ஹஸ்கியை வைத்திருப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த கொடுமையில்லை. இடமும் வேலியும் ஓடும் நேரமும் உள்ளவர்களுக்கு இவை அருமையான நாய்கள். வெயிலும் தாங்கும், முடி கொட்டுவதும் குறைவு. பூனையும் கோழியும் உள்ள வீடென்றால் இன்னொரு முறை யோசியுங்கள். ராஜபாளையத்தில் இன்னொன்று: முழு வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு என்று தேடித் தேடி இனப்பெருக்கம் செய்ததில் காது கேளாமை அந்த இனத்தில் பரவியிருக்கிறது. குட்டியின் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது சோதித்தால் மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். தனியாக எடுத்துச் சோதியுங்கள்.

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு, வேலைக்குப் போகும் கணவன் மனைவிக்கு, என் பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: ஒன்றரை, இரண்டு வயதான தெருநாய் வம்சத்து நாயைத் தத்தெடுங்கள். குட்டிக்கு நாளுக்கு நாலைந்து வேளை சாப்பாடு, இரவில் எழுந்து சிறுநீருக்குக் கொண்டு போவது, செருப்பு, சோபா, சார்ஜர் ஒயர். வளர்ந்த நாயில் அதெல்லாம் கடந்திருக்கும். குணமும் தெரிந்திருக்கும்; குழந்தையைக் கண்டால் எப்படி, பட்டாசுக்கு எப்படி, தனியாக விட்டால் குரைக்குமா என்று அதை வைத்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குட்டி எப்படி வளரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. "பெருசா இருந்தா நம்மகிட்ட ஒட்டாது" என்பார்கள். தவறு. சில வாரம் ஒதுங்கியிருக்கும், மூன்று மாதத்தில் உங்கள் பைக் சத்தத்தை அடையாளம் கண்டு கேட்டில் நிற்கும்.

பெண் நாய் வேண்டாம் என்பதும் பரவலான பிடிவாதம். தெருவில் தூக்கி எறியப்படும் குட்டிகளில் பெண்களே அதிகம் தெரிவதற்கு இதுதான் காரணம். கருத்தடை செய்துவிட்டால் ரத்தப்போக்கு, ஆண் நாய்கள் வாசலில் கூடுவது, எதுவும் இல்லை.

4. எங்கே வாங்குவது, எங்கே தத்தெடுப்பது

தத்து என்றால் சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் எல்லாருக்கும் தெரிந்த இடம். எல்லா ஊரிலும் சிறு காப்பகங்களும், வீட்டிலேயே நாலைந்து நாய்களை மீட்டு வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் வீடு தேடும் ஆட்களும் உண்டு. அவர்கள் முகவரிச் சான்று கேட்பார்கள், வீட்டைப் பார்க்க வருவார்கள், கருத்தடை செய்வேன் என்று கையெழுத்து வாங்குவார்கள், மூன்று மாதம் கழித்து போட்டோ அனுப்பச் சொல்வார்கள். சிலருக்கு இது கோபம் தருகிறது. "நல்லது செய்ய வந்தா போலீஸ் மாதிரி விசாரிக்கறாங்க" என்கிறார்கள். எதுவும் கேட்காமல் நாயைக் கொடுப்பவரைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நீங்களும் கேளுங்கள். எங்கே கிடைத்தது, என்ன நோய் இருந்தது, எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில், யாரையாவது கடித்திருக்கிறதா, ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்ததா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். பல நேரம் காரணம் அந்த வீட்டார்தான். இரண்டு வாரம் வைத்துப் பார்க்கிறேன் என்று தற்காலிகமாக எடுத்துப் பார்ப்பதும் பல இடங்களில் முடியும்.

தெருவில் கண்ட குட்டியைத் தூக்கி வருவதாக இருந்தால், முதலில் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தாய் இருந்தால் எட்டு வாரம் ஆகும்வரை குட்டி அதோடுதான் இருக்க வேண்டும். நீங்கள் தாய்க்குச் சோறு வையுங்கள், அதுவே குட்டிக்கான உதவி. உங்கள் வாசலில் ஏற்கெனவே படுத்துக் கிடக்கும் தெருநாய் ஒன்று இருந்தால், தத்து தேடி ஊரெல்லாம் அலைவானேன்?

விலைக்கு வாங்குவது பாவம் என்ற கட்சியில் நான் இல்லை. ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகும் முன் இனப்பெருக்கம் செய்யக்கூடாது, எட்டு வயதுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன. அவையும் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே முதல் போன்காலிலேயே கேளுங்கள்: "உங்க ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் சொல்லுங்க, தாயைப் பார்க்கலாமா, இது அதுக்கு எத்தனாவது ஈத்து?" இந்த மூன்று கேள்வியில் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

நல்ல பிரீடர் உங்களிடமும் கேள்வி கேட்பார். குட்டி இப்போது இல்லை, நாலு மாதம் ஆகும் என்பார். ஒன்று இரண்டு இனங்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார். "லேப் இருக்கு, ஷெப்பர்ட் இருக்கு, பொமரேனியன் இருக்கு, உங்களுக்கு எது வேணும் சார்" என்பவர் பிரீடர் இல்லை, தரகர். கேசிஐ பேப்பர் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) தரும் அந்தச் சான்று வம்சாவளிக்கானது, உடல்நலத்துக்கான உத்தரவாதம் அல்ல. லேப், ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு, தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லை என்று காட்டும் எக்ஸ்ரேயைக் கேளுங்கள். பேப்பருக்குக் கூடுதலாகக் காசு கேட்டு, பேப்பர் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் இரண்டுமே வேண்டாம்.

ஆன்லைனில் படம் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். அடிமாட்டு விலைக்கு வெளியூரிலிருந்து விமானத்தில் அனுப்புகிறேன், முதலில் கூண்டுக்குப் பணம், பிறகு இன்சூரன்ஸ் பணம் என்று கறப்பது பழைய ஏமாற்று. குட்டியே இருக்காது.

5. இப்போது குட்டியைப் பார்க்கலாம்

நேரில் போங்கள், வளர்க்கும் இடத்துக்கே போங்கள். பஸ் ஸ்டாண்டிலும் ஹைவே ஹோட்டல் வாசலிலும் வைத்துக் கைமாற்றுகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தாய் எங்கே என்று கேளுங்கள். விலா எலும்பு தெரிய, காம்பு தொங்கி, ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்கும் தாயைக் கண்டால் குட்டி எவ்வளவு அழகானாலும் வெளியே வந்துவிடுங்கள். "பாவம், நாமாவது காப்பாத்தலாம்" என்று வாங்கினால் அந்தத் தாய்க்கு அடுத்த ஈற்றுக்கு நீங்களே காசு கொடுத்ததாகும். புகைப்படம் எடுத்துக்கொண்டு, மாநில விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள்.

குட்டியில் பார்க்க வேண்டியவை: கண்ணில் பீளை இல்லாமல், மூக்கு ஒழுகாமல், ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா. வெளிறிய ஈறு குடற்புழுவையோ உண்ணியையோ சொல்லும். வால் அடியில் பேதிக் கறை இருக்கிறதா. வயிறு மட்டும் பானையாய் உப்பி உடம்பு ஒட்டியிருந்தால் குடற்புழு. தொப்புளில் புடைப்பு இருந்தால் குடலிறக்கம். சும்மா வந்து காலைக் கடிக்கும் குட்டி, தூங்கி வழியும் குட்டி, இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தூங்கி வழிவது "சாது" இல்லை, பெரும்பாலும் நோய்.

வயதை நீங்களே கணக்குப் போடுங்கள். முப்பது, முப்பத்தைந்து நாளில் விற்பது இங்கே சாதாரணம். அதற்கு மேல் தீனிச் செலவு விற்பவருடையது என்பதுதான் காரணம். எட்டு வாரம் என்று சட்டம் சொல்வதற்கு அர்த்தமுண்டு. கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்த, விட்டு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்பது ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான். சீக்கிரம் பிரித்த குட்டி அதை உங்கள் கையில் கற்கும்.

கையோடு வாங்க வேண்டியவை: பில், தடுப்பூசிப் புத்தகம், பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் போடும் அடையாளச் சில்லு) போட்டிருந்தால் அதன் எண். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் முத்திரையும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். வெறும் தேதியும் கிறுக்கலும் இருந்தால் ஊசியே போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6. முதல் மூன்று மாதம்

வாங்கிய மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள், சில நேரம் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அதனால்தான் சந்தையில் துள்ளிக் குதித்த குட்டி அடுத்த வாரம் ரத்தப் பேதியில் விழுகிறது. குட்டி ஒருவேளை சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலே ஓடுங்கள். காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத நோய் இது. உங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் பார்வோவில் இறந்திருந்தால் அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் இருக்கும். டெட்டால், ஃபினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல்தான் கேட்கும். அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிந்த வளர்ந்த நாயை மட்டும் கொண்டு வாருங்கள்.

தடுப்பூசி வரிசை தோராயமாக இப்படி. மருத்துவர் உங்கள் குட்டிக்கு ஏற்ப மாற்றுவார்.

- 6 முதல் 8 வாரம்: பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசி.
- அதன்பின் 3, 4 வார இடைவெளியில் மறு ஊசிகள், 16 வாரம் ஆகும்வரை.
- 12 வாரம், அதாவது மூன்று மாதத்தில்: வெறிநோய் ஊசி. ஓராண்டில் மறுபடி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.
- குடற்புழு மருந்து: மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஏன் ஒரே ஊசியை மறுபடி மறுபடி என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது அழித்துவிடும். அந்தச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் 16 வாரம்வரை தொடர்கிறார்கள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில், பூங்காவில் இறக்கி விடாதீர்கள். ஆனால் வீட்டுக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோ சத்தம், குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். பதினான்கு வாரத்துக்குள் பார்த்துப் பழகாதவற்றுக்கு நாய் வாழ்நாள் முழுக்கப் பயப்படக்கூடும். நாய் கடிப்பதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம்.

சாப்பாட்டில் முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். முன்பு எதைத் தின்றதோ அதையே கொடுத்து, பிறகு மெல்லக் கலந்து மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதி தரும். வெறும் தயிர் சாதத்திலும் பால் சாதத்திலும் வளரும் குட்டிக்குக் கால் வளைவதைப் பார்க்கலாம். முட்டை, கோழி, மீன் அல்லது தரமான உலர் தீனி தேவை. சைவ வீடென்றால் முட்டைக்காவது சம்மதம் உண்டா என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். மிச்சமான சாம்பாரை ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள்: சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

முதல் இரவு குட்டி அழும். பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி, தாயின் மணம் ஏறிய ஒரு துணி (வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்) போதும். தீபாவளிக்கு முந்தைய வாரம் எந்த நாயையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பட்டாசுக்கு மிரண்டு ஓடும் நாய்க்குப் புது வீட்டின் வழியே தெரியாது.

கருத்தடை அறுவை சிகிச்சையை ஆறு மாதத்துக்குப் பிறகு எப்போது என்று மருத்துவரிடம் பேசுங்கள், பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் தள்ளிச் செய்யச் சொல்வார்கள். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்பதற்கு மருத்துவ ரீதியாக எந்த ஆதாரமும் இல்லை. எட்டுக் குட்டிக்கு எட்டு நல்ல வீடு உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

7. உரிமம், வார், கடி

மாநகராட்சி உரிமம் வாங்குங்கள். சென்னையில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், வெறிநோய் ஊசிச் சான்று கட்டாயம். 2025-இல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. மைக்ரோசிப் ஓர் அரிசி அளவுதான். தோள்களுக்கு நடுவில் ஊசியால் போடுவார்கள். அதில் 15 இலக்க எண் மட்டுமே இருக்கும். அது ஜிபிஎஸ் இல்லை, நாய் எங்கே என்று காட்டாது. தொலைந்த நாயை யாராவது ஸ்கேன் செய்தால்தான் உங்கள் பெயர் வரும்.

ராட்வைலர், பிட்புல் ஆசை இருந்தால், 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர்கள் குதறியதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊராட்சியோ மாநகராட்சியோ அந்த இனத்துக்கு உரிமம் தருமா என்று எழுத்தில் கேட்ட பிறகு மேலே யோசியுங்கள். எந்த நாயானாலும் வெளியே வார் இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்பது எல்லாக் கடிக்கும் முன்னால் சொல்லப்படும் வாக்கியம். மாலையில் நடக்கும்போது புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

உங்கள் நாயே கடித்தாலும், ஊசி போட்ட நாயே என்றாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.

நாய் இல்லாமல் வேறு எதுவென்றால்

நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் நாயை விடப் பூனை பொருந்தும். மேல் மாடியானால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்த பிறகே கொண்டு வாருங்கள். பூனையும் தவறி விழும். அசைவம் இல்லாமல் பூனை வாழாது, அதன் உடல் அப்படி. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும், ஆகவே காய்ச்சல் என்று நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள்.

பச்சைக்கிளி, மைனா, முனியா, நட்சத்திர ஆமை எதையும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வைப்பதே குற்றம். தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம் என்பது பதிலாகாது. மீன் ஆசையானால் சென்னை கொளத்தூர் இருக்கிறது. ஆனால் தொட்டியை வாங்கி, தண்ணீர் விட்டு, ஃபில்டரை ஓடவிட்டுச் சில வாரம் கழித்து மீன் வாங்குங்கள். அதே நாளில் மீனையும் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர் அடுத்த வாரமும் நீங்கள் மீன் வாங்க வருவீர்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறார்.

வைத்துக்கொள்ள முடியாமல் போனால்

வெளிநாட்டு வேலை, விவாகரத்து, குழந்தைக்கு ஒவ்வாமை. நடக்கும். ஒவ்வாமை என்றால் முதலில் தோல் அல்லது நுரையீரல் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். குற்றவாளி பல நேரம் தூசியும் பூஞ்சையும்தான். உண்மையாகவே முடியாதென்றால், வாங்கிய அல்லது தத்தெடுத்த இடத்துக்கு முதல் போன் போடுங்கள். நல்ல பிரீடரும் நல்ல காப்பகமும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, மீன் மார்க்கெட் பக்கத்திலோ இறக்கிவிட்டு "பொழைச்சுக்கும்" என்று வருவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் என்று அந்தச் சட்டம் இன்னும் 1960-இலேயே நிற்பது வேறு கதை. வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவின் எல்லைச் சண்டை தெரியாது, வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது.

வேறு வீடு தேடுவதென்றால் ஒரு மாதமாவது அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடையும் ஊசியும் முடித்துக் கொடுங்கள். புதியவர்கள் வீட்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். என்ன சாப்பிடும், எந்தச் சொல்லுக்கு உட்காரும், எதற்குப் பயப்படும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதிக் கொடுங்கள். மைக்ரோசிப் பதிவையும் மாநகராட்சி உரிமத்தையும் அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். மறந்துவிட்டால் நாய் தொலையும் நாளில் போன் உங்களுக்குத்தான் வரும்.